முன்சுவரில் ஒரு விரிசல்

பழைய வீட்டை வாங்கி, முகப்பை மட்டும் மினுக்கி விற்பதுதான் அவன் தொழில். உள்ளே ஒரு ஆணியைக்கூட மாற்ற மாட்டான். "வாங்க வர்றவன் வாசல் கேட்டுலயே மனசைக் குடுத்துடுவான்" என்பான்.

புருஷனை இழந்த அவனுடைய அக்கா தன் வீட்டை விற்கப்போகிறாள் என்றதும் முதல் ஆளாகப் போய் நின்றான். முன்சுவரில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் ஓடியது. தட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினான்.

"அஸ்திவாரமே போயிடுச்சுக்கா. வெளியாள் எவனும் தொட மாட்டான். உனக்காக நானே எடுத்துக்கறேன்."

அக்கா கண் கலங்கி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை கூசவில்லை. அடிமாட்டு விலைக்கு முடித்தான்.

மூன்றே வாரத்தில் வீடு பளபளத்தது. ஒரு தம்பதி பார்க்க வந்த அன்று, விட்டுப்போன தையல் மெஷினை எடுக்க அக்காவும் வந்தாள். விரிசல் இருந்த இடத்தைத் தடவினாள்.

"அஸ்திவாரத்தை எப்படிப்பா சரி பண்ணீங்க?" என்று பெயிண்டரைக் கேட்டாள்.

"அஸ்திவாரத்துக்கு என்னம்மா? வெறும் பூச்சு விரிசல். அரை நாள் வேலை."

தம்பி அவசரமாகப் பெயிண்டரை உள்ளே விரட்டினான். அதற்குள் தம்பதி அக்காவை நெருங்கிவிட்டார்கள். "நீங்க இருந்த வீடாமே? அவர் சொல்றதை நம்பலாமா?"

இவள் வாயைத் திறந்தால் தொலைந்தோம் என்று அவன் குறுக்கே ஓடி வந்தான்.

"தாராளமா வாங்குங்க, கல்லு மாதிரி வீடு" என்றாள் அக்கா. "என் தம்பி விக்கும்போது பொய் சொல்ல மாட்டான். வாங்கும்போதுதான் சொல்லுவான்."