கபடிக்கு இரண்டு சொல்

கோவை மாவட்டத்தில் இன்றைய தேதிக்கு என்னைவிட வேகமாக அனகிராம் கண்டுபிடிக்கும் மூளை கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை, நேற்று மழை பெய்தது என்பதுபோல ஒரு தகவலாகச் சொல்கிறேன். பலகையில் ‘நகரம்’ என்று எழுதி முடிப்பதற்குள் எனக்கு ‘நரகம்’ தெரிந்துவிடும். எழுத்துகள் தாமாக எழுந்து வந்து இடம் மாறி நிற்கும்.

சென்னையில் நடக்கும் மாநிலப் போட்டிக்கு எங்கள் கல்லூரியிலிருந்து ஒருவர்தான் போகலாம். தேர்வு புதன்கிழமை. ஒரு வாரம் முன்பே நான் தேர்வாகிவிட்டதாக அம்மாவிடம் சொல்லியிருந்தேன். எப்படியும் நடக்கப்போவதைக் கொஞ்சம் முன்கூட்டிச் சொல்வதில் தவறில்லை. அம்மா சர்ச்சில் பங்குச் சாமியாரிடம் சொல்லிவிட்டார். ஞாயிறு பூசையில், நோயாளிகளுக்கும் மழைக்கும் நடுவில், “போட்டிக்காகச் சென்னை செல்லும் டேவிட்சனுக்காக” போத்தனூர்ப் பங்கே எழுந்து நின்று மன்றாடியது. வாசலில் ஆறு பேர் கைகுலுக்கினார்கள். பங்குப் பேரவையின் பாக்கியசாமி அண்ணன், அடுத்த ஞாயிறு எனக்குப் போர்த்தச் சால்வை எடுத்தாயிற்று என்றார்.

அன்றிலிருந்து என்னால் உட்கார முடியவில்லை. பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றே போய்வந்தேன்.

என்னைத் தவிரப் பெயர் கொடுத்திருந்தது ஒரே ஒருத்தி, ஹாரிகா. கோபிச்செட்டிப்பாளையத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவள். அனகிராம் தேட ஒரு புரோகிராமே எழுதியிருந்தாள்.

“அது எதையும் கலைச்சுப் பாக்கறதே இல்லீங்க,” என்றாள் கேன்டீனில். “அகராதில இருக்கற ஒவ்வொரு வார்த்தையோட எழுத்தையும் அகர வரிசைல அடுக்கி வெச்சுக்கும். நகரத்தை அடுக்குனா க, ந, ம், ர. நரகத்தை அடுக்குனாலும் அதேதான். ரெண்டும் ஒரே டப்பாவுல உழுந்துரும். அவ்வளவுதானுங்க.”

“பரீட்சைல கம்ப்யூட்டர் குடுக்க மாட்டாங்களே?”

“பேப்பர்லயும் வரிசையா எழுதிப்போட்டு, ஒவ்வொரு எழுத்தா முன்னால நிறுத்திப் பாப்பனுங்க.”

“இதுக்குப் பேரு மூளை இல்லீங்க அம்மணி, அட்டெண்டன்ஸ். உள்ளேன் ஐயா, உள்ளேன் ஐயா. எனக்கெல்லாம் தானா எந்திரிச்சு வரும்.”

“ஆமாங்க. யாரு வரலைன்னு அட்டெண்டன்ஸ் எடுத்தாத்தானுங்களே தெரியும்.”

மேசையில் இருந்தவர்கள் சிரித்தது அவளுக்காக என்று நான் நினைக்கவில்லை.

புதன்கிழமை, தேர்வை நடத்திய மானசா மேடம் விதிகளைச் சொன்னார். கொடுத்த எழுத்தில் ஒன்றுகூட மிஞ்சக்கூடாது, புதிதாக ஒன்றும் சேரக்கூடாது, உயிர்மெய்யை உடைக்கக்கூடாது. “ராகம்னு குடுத்தா காரம்னு எழுதி வெக்காதீங்க. துணைக்காலைப் புடுங்கி அடுத்த எழுத்துல ஒட்டுனா அது வேற எழுத்து.”

பத்துக் கேள்வி, இருபது நிமிடம். ஒன்பதை ஏழு நிமிடத்தில் முடித்தேன். பத்தாவது: ‘கபடி’, இரண்டு சொற்கள் காண்க. படிக மாலையில் வரும் ‘படிக’ உடனே வந்து நின்றது. இன்னொன்று வரவில்லை.

மூன்றே எழுத்து. கண்ணை மூடினால் கபடி. திறந்தால் கபடி. தலைக்குள் எவனோ கோட்டைத் தாண்டி வந்து, மூச்சு விடாமல் கபடி கபடி கபடி என்று பாடிக்கொண்டே நின்றான். அவன் நிறுத்தினால்தானே வேறு சொல் உள்ளே வரும். செருப்பைக் கழற்றினேன், மாட்டினேன். பேனா மூடியைக் கடித்தேன். மின்விசிறியும் அவன் கட்சியில் சேர்ந்துகொண்டது.

ஹாரிகா எழுந்து தாளைக் கொடுத்தாள். “ஏழாவது வரலீங்க மேடம். மத்ததெல்லாம் எழுதிப்போட்டேன்.”

போகிற போக்கில் என் பக்கம் குனிந்தாள். “ஏனுங்க, எந்திரிச்சு வந்துருச்சுங்களா?”

“வந்துட்டே இருக்குதுங்க,” என்றேன்.

அவளுக்கு ஒன்பது. எனக்கு ஏழாவதும் வந்திருந்தது. இந்த ஒரு சொல் கிடைத்தால் பத்து. ஒன்பதோடு நின்றால் சமம்; சமமானால் தாளை முதலில் கொடுத்தவளுக்கே சென்னை. எனக்கு ஞாயிற்றுக்கிழமை பூசை, சால்வையோடு.

“ரெண்டு நிமிஷந்தான் இருக்கு, டேவிட்சன்.”

சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். இடது கையால் மறைத்துக்கொண்டு, தாளின் ஓரத்தில் எறும்பு அளவுக்கு எழுதினேன்: க, டி, ப. முதலில் க-வை முன்னால் நிறுத்தினேன். இரண்டு வரி, இரண்டையும் அடித்தேன். அடுத்து டி. இரண்டு வரி, அடித்தேன். பிறகு ப.

‘பகடி’.

அதைப் பெரிய எழுத்தில் எழுதினேன். ஓரத்து வரிசையின் மேல் கட்டைவிரலை வைத்தபடியே எழுந்து போய்த் தாளைக் கொடுத்தேன்.