விடாமல் அமுக்கிய கை

பாம்பு கடித்த பெண்ணுக்கு விஷமுறிவு மருந்து ஏற்றியாகிவிட்டது. ஆனாலும் அவளால் சொந்தமாக மூச்சு விட முடியவில்லை. மூச்சு இயந்திரத்தோடு பெரிய ஆஸ்பத்திரி வண்டி வந்து சேரும்வரை வேறு யாராவது அவளுக்காக மூச்சு விட்டாக வேண்டும். அதற்கென்று அந்தக் கிராமத்து ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரே ஒரு ரப்பர் பை. அமுக்கினால் காற்று உள்ளே போகும். விட்டால் வெளியே வரும். அமுக்குவதற்கு ஆள்? வழக்கம்போல வீட்டு மனிதர்கள்தான்.

"இப்படித்தான். விடாம அமுக்குங்க. கையை மட்டும் எடுத்துடாதீங்க," என்று பெண்ணின் அண்ணனுக்கு இரண்டு தடவை அமுக்கிக் காட்டினார் டாக்டரம்மா. அதற்குள் பிரசவ அறையிலிருந்து நர்ஸ் கூப்பாடு போட, அங்கே ஓடினார்.

அண்ணன் லாரி டிரைவர். தடுப்புக்கு அப்பாலிருந்து அவன் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. "ஏய் கழுத, எந்திரிச்சதும் என் கைக்கு நீதான் தைலம் தேய்க்கணும். ஓசியிலேயே மூச்சு வாங்கிட்டுப் போயிடலாம்னு பாக்குறியா?"

டாக்டரம்மாவுக்குச் சற்றுத் தெம்பு வந்தது. குழந்தை வெளியே வந்த நேரம், அந்தக் குரல் உடைந்தது.

"டாக்டரம்மா! இவ மூஞ்சி நீலமாகுது!"

குழந்தையை நர்ஸின் கையில் போட்டுவிட்டு வந்து பார்த்தால், லாரி ஹாரனை அமுக்குவதுபோல் அவன் காற்று வெளியே வர விடாமல் வேகவேகமாக அமுக்கிக்கொண்டிருந்தான். மார்பில் ஒரு பக்கம் புடைத்து நின்றது. நுரையீரல் கிழிந்துவிட்டது. ஊசி குத்திக் காற்றை இறக்கினார், நெஞ்சை அழுத்தினார். ஒன்றும் பலிக்கவில்லை.

"ஒரு நிமிஷம்கூட நிறுத்தலைங்க. சரியாத்தானே அமுக்கினேன்?"

'மெதுவா' என்ற ஒற்றைச் சொல்லை அவனிடம் சொல்லாமல் போனது அவர்தான். அதை இவன் தலையில் எப்படிக் கட்டுவது?

"சரியாத்தான் செஞ்சீங்க. விஷம் ஏறிடுச்சுப்பா."

பையைக் கழுவிக் காயவைப்பதற்குள் பூச்சிமருந்து குடித்த ஒருவனைக் கொண்டுவந்து போட்டார்கள். டாக்டரம்மா அவன் மனைவிக்கு நிதானமாகச் சொல்லிக் கொடுத்தார். "மெதுவா. நீங்க மூச்சு விடுற மாதிரியே." பிறகு ஊசிமருந்து எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினார்.

தங்கையின் உடலுக்காக வாசலில் நின்ற டிரைவருக்குப் பொறுக்கவில்லை. உள்ளே வந்துவிட்டான்.

"என்னம்மா இது, குழந்தைக்கு விசிறுற மாதிரி? உன் புருஷனாவது பொழைக்க வேணாமா? கொடு இங்க. நான் அமுக்கினதுதான் சரின்னு டாக்டரம்மாவே சொன்னாங்க."

பையைப் பிடுங்கிப் படபடவென்று அமுக்கத் தொடங்கினான்.

"ஐயோ, அப்படி வேண்டாம்! நுரையீரல் கிழிஞ்சிடும்!"

யோசிப்பதற்குள் டாக்டரம்மாவின் வாய் கத்திவிட்டது. அந்தப் பெண் வெடுக்கென்று பையைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

"அப்போ..." என்றான் டிரைவர்.

அவன் தன் இரண்டு கைகளையும் மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மறைத்துக்கொண்டான்.