எந்த ஊர் ஆஸ்பத்திரி?

மூடப்போன லிஃப்டுக்குள் சுலோசனா குடையை நுழைத்தாள். கதவு பதறிப்போய்த் திறந்தது. உள்ளே நின்றவர்கள் முறைத்தார்கள். முறைக்கட்டும்.

"ஆறாவது மாடி," என்றாள், மூச்சிரைக்க.

லேக் கார்டன்ஸில் குக்கரை அணைத்துவிட்டுக் கிளம்பியவள். வழியெல்லாம் டாக்ஸிக்காரனை விரட்டி, சால்ட் லேக் செக்டர் ஃபைவில் கணவரின் ஆபீஸ் வந்து சேர்வதற்குள் சேலைத் தலைப்பு மழையில் நனைந்து போயிருந்தது. எல்லாம் சதீஷ் செய்த ஒரே ஒரு போனால். அவள் கணவர் இராஜமாணிக்கத்தின் செக்‌ஷனில் வேலை பார்க்கும் கரூர்ப் பையன் அவன்.

"அக்கா, கொல்கத்தாதான்னு சொல்லிட்டிருந்தீங்களே? சார் இப்பத்தான் கோயம்புத்தூர்னு எழுதிக் குடுத்துட்டாரு. லஞ்சுக்கு முன்னாடி ஃபைல் மேல போயிடும். போயிட்டா அஞ்சு வருஷத்துக்கு மாத்த முடியாது, பாத்துக்குங்க!"

விஷயம் இதுதான். மாதக் கடைசியில் இராஜமாணிக்கம் ரிடையர் ஆகிறார். அதற்கப்புறமும் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ஆஸ்பத்திரிச் செலவை அவர் வேலை பார்க்கும் அரசு நிறுவனம் ஏற்கும். ஆனால் ஒரே ஓர் ஊரில்தான். எந்த ஊரை எழுதிக் கொடுக்கிறோமோ அந்த ஊர் ஆஸ்பத்திரிகள் மட்டும். வெளியே தனியாக ஒரு பாலிசி எடுத்துக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் ஒருவர் வீடு தேடி வந்தபோது, சுலோசனா காபிகூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டாள். அவர் நீட்டிய தாளில் முதல் கேள்வியே, 'ஏற்கெனவே ஏதேனும் நோய் உண்டா?' என்பதாக இருந்தது.

உண்டு. அவளுக்கு இல்லை, அவருக்கு.

மார்ச் மாதம் டாலிகஞ்ச் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, இருவரையும் எதிரே வைத்துக்கொண்டு பெங்காலியில் சொன்னார். ஞாபகம் மெல்ல மெல்ல உதிரத் தொடங்கியிருக்கிறது. மாத்திரை இருக்கிறது, ஆனால் மாத்திரையைவிட முக்கியம் பழகிய இடம். தெரிந்த தெரு, தெரிந்த கடை, தெரிந்த வீடு. இதெல்லாம் இருந்தால் பல வருஷம் தாக்குப்பிடிப்பார். பெயர்த்துக்கொண்டு போய்ப் புது ஊரில் வைத்தால் சீக்கிரம் தடுமாறிவிடுவார்.

வெளியே வந்து அவரிடம், "பி-டுவெல்வ் கம்மியாம்," என்று சொல்லிவிட்டாள். அவரும் சரியென்று தலையாட்டிவிட்டார்.

அப்படிப்பட்டவருக்குக் கோயம்புத்தூரா?

லிஃப்ட் திறந்தது. பெனிஃபிட்ஸ் பிரிவில் அதிகாரி பிரியம்வதா சென்னின் மேஜைக்கு எதிரே இராஜமாணிக்கம் மற்ற ரிடையர்மென்ட் தாள்களை நிரப்பிக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்.

"அட, நீ எங்க இங்க?"

"நான் கேக்க வேண்டியதை நீங்க கேக்கறீங்களா? யாரைக் கேட்டு கோயம்புத்தூர்னு எழுதுனீங்க?"

"மெதுவா பேசு சுலோ. ஆபீஸ் இது."

"ஆபீஸ்னு தெரிஞ்சுதான் செருப்பைக் கழட்டாம வந்தேன். ரெண்டு மாசமா கொல்கத்தா, கொல்கத்தான்னு தலையாட்டிட்டு இதென்ன வேலை?"

"உன் அக்கா தங்கச்சி எல்லாரும் அங்க இருக்காங்க. நமக்கு இங்க யாரு இருக்கா? தண்ணி வேற அங்க நல்லா இருக்கும்."

"தண்ணிக்காகவா? முப்பது வருஷமா இந்தத் தண்ணியைக் குடிச்சு உங்களுக்கு என்ன கொறஞ்சு போச்சு? தொப்பைதான் வந்துச்சு."

அவர் சிரித்தார். ஆனால் அசையவில்லை. "எழுதிக் குடுத்தாச்சு. விடு."

இனி இவரிடம் பேசிப் பயனில்லை. சுலோசனா பிரியம்வதாவின் பக்கம் திரும்பி, பெங்காலிக்கு மாறினாள். பெங்காலி அவளுடைய இலாகா. கடைவீதி, வேலைக்காரம்மா, பக்கத்து வீடு, டாக்டர் எல்லாமே அவள்தான். அவருக்கு ஆபீசில் இங்கிலீஷ், டாக்ஸியில் ஹிந்தி. ஒரு வாக்கியம் பெங்காலி பேசி யாரும் கேட்டதில்லை. அதனால் அவர் பக்கத்திலேயே இருக்க, டாக்டர் சொன்னதையெல்லாம் தயங்காமல் கொட்டினாள்.

பிரியம்வதா பேனாவை மூடி வைத்தாள்; அக்கா என்ற உரிமையில் கேட்டாள். "சாருக்குத் தெரியுமா, தீதி?"

"தெரியாது. தெரிய வேண்டாம்."

"சரி, ஆனா நாளைக்கு நிலைமை முத்தினா? நீங்க ஒண்டியா என்ன பண்ணுவீங்க? சொந்தக்காரங்க அங்கதான்னு சார் சொன்னாரே?"

"அங்க நான் ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் போற விருந்தாளி. அவங்களுக்கு அவங்க பாடே பெரும்பாடு. இங்க கீழ்வீட்டு பௌதி, சொந்த அண்ணி மாதிரி, நான் இருமினா மாடியேறி வருவா. எனக்கு டைஃபாய்டு வந்தப்ப பதினோரு நாள் கஞ்சி வெச்சுக் குடுத்தது அவதான். நான் அழணும்னா போய் உக்கார்ற வீடு அது ஒண்ணுதான். கோயம்புத்தூர் போனா நானும் செத்துருவேன்."

கடைசி வார்த்தைக்குக் குரல் உடைந்துவிட்டது. ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டிருந்த இராஜமாணிக்கம் தொண்டையைச் செருமினார்.

"மேடம்," என்றார் இங்கிலீஷில், "அந்தத் தாளைக் கொஞ்சம் கொடுங்கள். ஊரை மாற்ற வேண்டும். கொல்கத்தா."

சுலோசனாவுக்கு நம்பிக்கையே வரவில்லை. மனம் மாறுவதற்குள் அவர் கையெழுத்துப் போடுகிறாரா என்று எட்டிப் பார்த்தாள். போட்டார்.

கீழே இறங்கி, சாலையோரக் கடையில் ஆளுக்கொரு டீ வாங்கிக்கொண்டார்கள். மழை விட்டிருந்தது.

"எப்படிங்க திடீர்னு மனசு மாறுச்சு? அழுதேன்னு பாவம் பாத்தீங்களா?"

"நீ அழாத நாளா? கீழ்வீட்டு அம்மா அவ்வளவு நெருக்கம்னு எனக்குத் தெரியாது. ஏதோ கறிவேப்பிலை கேக்க வருதுன்னு நெனச்சேன். உனக்கு இந்த ஊர்ல யாருமே இல்லைன்னுதான் கோயம்புத்தூர் போட்டேன்."

சுலோசனா டீயை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நின்றாள்.

"பௌதி கதையை நான் உங்ககிட்ட எங்க சொன்னேன்? அந்தம்மாகிட்ட பெங்காலியில இல்ல சொன்னேன்?"

"ஆமா."

"உங்களுக்குத்தான் பெங்காலி…"

"பேசினா சிரிப்பாங்கன்னு பேசறதில்ல. கேக்கறதுக்கு என்ன? முப்பது வருஷமா ஆபீஸ் குடோன் ஆளுங்க என்னைத் திட்டினதெல்லாம் தமிழ்லயா?"

சுலோசனா கிளாஸைக் கடைப் பலகையில் வைத்தாள். கடைக்காரரின் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார்; அவசரமில்லாமல் டீயை ஊதினார்.

"அப்ப மார்ச் மாசம்… டாக்டர் சொன்னது…"

"எல்லாம் புரிஞ்சுது. கடைசியா ஒண்ணு சொன்னாரே, அதுவும். 'பாத்துக்கறவங்கதான் முதல்ல ஒடிஞ்சு போவாங்க, உங்க மனுஷங்க பக்கத்துலயே இருங்க'ன்னு. அதை நீ காதுலயே போட்டுக்கல, சுலோ."