எட்டுச் சிவப்புக் கோடுகள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் வீட்டுக்காரர் எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறார். இருக்கட்டும். இரண்டு வருஷமாகத் திறக்காத பெட்டி ஒன்றைக் கார் ஷெட்டில் வைத்துக்கொண்டு, தினமும் சாப்பாட்டு மேசையில் "நேரம்தான் கெடைக்க மாட்டேங்குது" என்று பெருமூச்சு விடுகிற ஆளோடு குடித்தனம் நடத்திப் பாருங்கள். உங்களுக்கும் வரும்.

பெட்டிக்குள் இருந்தது விமானத்தின் வால். பொம்மை இல்லை, ஆள் உட்கார்ந்து பறக்கிற நிஜ விமானம். வீட்டிலேயே கட்டிக்கொள்கிற பைத்தியங்களுக்காகத் துண்டு துண்டாக அனுப்பிவைக்கிறார்கள். முதலில் வால், அது முடிந்தால் இறக்கை, அப்புறம் உடம்பு. இவருக்கு வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். லென்ஸை அறுத்து, தேய்த்து, சட்டத்தில் பொருத்துவார். அரை மில்லிமீட்டர் கூடிப்போனால் அன்றைக்குச் சோறு இறங்காது. அப்பேர்ப்பட்டவர் பெட்டியைத் தொடவில்லை என்றால் காரணம் நாங்கள்தான். எங்கள் மகளுக்கு அப்போது நான்கு வயது. அவளுடைய காதுவலி, ஒழுகுகிற குழாய், என் பேக்கரி ஷிஃப்ட் என்று ஏதாவது ஒன்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது.

கடைசியில் நேரம் கண்டுபிடித்துக் கொடுத்தவள் நான்தான். இதை நான் மறைக்கப் போவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கத்தியை எடுத்துக்கொண்டு போய் நானே அந்தப் பெட்டியின் டேப்பைக் கிழித்தேன். ஷெட் சுவரில் ஓர் அலாரம் கடிகாரத்தை மாட்டினேன்.

"தெனமும் அஞ்சுலேர்ந்து ஆறு உங்க நேரம். நாங்க யாரும் கதவத் தட்ட மாட்டோம். ஆறு மணிக்கு இது அடிக்கும். அடிச்சா போட்டது போட்டபடி கெடக்கட்டும், நீங்க உள்ள வந்துடணும்."

"போட்டது போட்டபடியேவா?"

"ஆமா. ஆறு அஞ்சுக்கு மேசைல ஆள் இல்லன்னா வாலைத் தூக்கி ரோட்ல வெச்சுடுவேன்."

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். ஆனால் நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

ஷெட்டுக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரே சுவர்தான். காய் நறுக்கிக்கொண்டே அவர் வேலையை முழுக்கக் காதால் கேட்பேன். துளை போடுகிற சத்தம், அரம் ராவுகிற சத்தம். கொஞ்ச நாளில் புதிதாக ஒன்று சேர்ந்தது: 'டக்'. என்னவென்று கேட்டதற்கு நீளமான ஸ்பானர் ஒன்றைக் காட்டினார். டார்க் ரென்ச் என்றார். போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டுமோ அந்த அளவு வந்ததும் அதுவே 'டக்' என்று சொல்லிவிடுமாம். அதற்கு மேலும் கூடாது, கீழும் கூடாது. இறுக்கிய பிறகு ஒரு குட்டி பாட்டிலிலிருந்து சிவப்புப் பெயிண்ட் எடுத்து, போல்ட்டின் மேல் ஒரு கோடு போடுவார். ரென்ச்சைப் பற்றி அரை மணி நேரம் பேசியவர் கோட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நான் பேக்கரியில் கேக்கின் மேல் பெயர் எழுதுகிறவள். எல்லாம் முடிந்தபின் மேலே வைக்கிற கிரீம் பூ மாதிரிதான் அது என் கண்ணுக்குப் பட்டது.

அந்த வருஷக் கடைசியில் மகளின் பள்ளியில் நாடகம். அவளுக்கு மரம் வேஷம். மாலை ஐந்தரைக்குத் தொடக்கம். முந்தின நாள் இவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "இன்னும் எட்டு போல்ட்தான். செவப்புக் கோடு போட்டுட்டா வால் முடிஞ்சுது. நாளைக்கு அத முடிச்சுட்டு நேரா ஸ்கூலுக்கு வந்துடறேன்."

அந்த 'நேரா' எனக்கு நன்றாகத் தெரியும். அதை நம்பித்தான் போன தடவை குழந்தை மேடையிலிருந்து காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு பாடினாள். மறுநாள் மத்தியானமே பேக்கரியிலிருந்து வீட்டுக்கு வந்தேன். ஷெட்டைத் திறந்தேன். மேசை மேல் வால் கிடந்தது, கோடு இல்லாத போல்ட்டுகள் எட்டு. பாட்டிலும் குட்டி பிரஷ்ஷும் பக்கத்திலேயே இருந்தன. பத்தே நிமிஷம். ஒரு கோடுகூடக் கோணவில்லை, என் கை அப்படி.

மாலையில் அவர் ஷெட்டுக்குள் போனார், ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்தார்.

"நேத்தே போட்டுட்டேன் போலிருக்கு. அலாரம் அடிச்ச அவசரத்துல மறந்தே போச்சு. வா, கெளம்பலாம்."

முதல் வரிசையில் உட்கார்ந்தார். மரத்துக்குக் கை தட்டினார். நான் வாயைத் திறக்கவில்லை. என்றைக்காவது சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டேன். என்னை நானே அவ்வளவு மெச்சிக்கொண்ட நாள் வேறு இல்லை.

பிறகு இறக்கை வந்தது, உடம்பு வந்தது, இன்ஜின் வந்தது. ஆறு வருஷம், தினமும் ஒரு மணி நேரம், ஆறு மணிக்கு அலாரம். நான் கண்டிப்பாகவே இருந்தேன். இரண்டு நிமிஷம் தாண்டினால் சுவரில் கரண்டியால் தட்டுவேன். பேக்கரியில் எல்லாரும் அவருக்குப் பைலட் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவரோ வார இறுதிகளில் பறக்கக் கற்றுக்கொண்டு நிஜமாகவே பைலட் ஆகிவிட்டார். விமானத்தை லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே புல்தரை ஓடுபாதைப் பக்கம் ஒரு தகரக் கொட்டகைக்குக் கொண்டுபோனோம். முதலில் அவர் தனியாக இத்தனை மணி நேரம் பறக்க வேண்டும், அதன்பிறகு ஓர் ஆளை ஏற்றலாம் என்று சட்டம். அந்த ஆள் யார் என்பதில் வீட்டில் சண்டையே கிடையாது. பத்து வயது மகள் வலது பக்க சீட்டில் தன் குட்டித் தலையணையைக் கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை, விமானத்தைப் பறக்க விடலாமா என்று பார்த்துச் சொல்கிற பரிசோதகர் வந்தார். கையில் டார்ச்சும், குச்சி முனையில் பொருத்திய கண்ணாடியும். வாலில் சின்ன மூடியைக் கழற்றி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் அவர் முழங்கைக்குக் கீழே போய் நின்றுகொண்டு, அந்தச் சிவப்பு என்ன என்று கேட்டாள்.

"அழகுக்கு இல்ல பாப்பா. உங்கப்பா அந்த போல்ட்ட அளவா இறுக்கிட்டு, இறுக்கியாச்சுன்னு போடற கையெழுத்து. இறுக்கினதும் இறுக்காததும் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும். கோட்ட வெச்சுத்தான் நான் நம்பணும்."

"இறுக்காம விட்டா?"

"மொத நாள் ஒண்ணும் தெரியாது. அதிர அதிர, கொஞ்சம் கொஞ்சமா கழண்டு வரும். வால் சொன்ன பேச்சு கேக்காது."

பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரலில் சொன்னார். நான் போட்ட எட்டுக் கோடுகளும் கண்முன் வந்து நின்றன. அவர் தாளில் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை காற்று இல்லாத நேரமாகப் பார்த்துக் கிளப்பலாம் என்றார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு நின்ற என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன், மனசு வரவில்லை. இறுக்கிவிட்டுக் கோடு மட்டும் பாக்கி வைத்திருப்பார், அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நாடகம் நடந்த அந்த வாரம் சுவர் வழியாக 'டக்' கேட்டேனா என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கு எந்தக் கேக்கில் யார் பெயர் எழுதினேன் என்பதுகூட ஞாபகம் வந்தது, அது வரவில்லை.

வெள்ளிக்கிழமை பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "ஏங்க, அத்தன போல்ட்டும் இறுக்கினது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"ஞாபகம் எதுக்கு? அதான் கோடு இருக்கே," என்றார்.

சனிக்கிழமை பேக்கரியில் ஒரு பிறந்தநாள் கேக்கைப் பாழாக்கினேன். எழுத்து வழிந்துவிட்டது. "என்னம்மா, பைலட் கூட சண்டையா?" என்றார் முதலாளியம்மா. நான் ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். வீட்டிலிருந்த மகளைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் விட்டேன்.

அவர் காலி ஷெட்டில் ஸ்பானர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன், நாடகம், மத்தியானம், எட்டுக் கோடு, எல்லாவற்றையும். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எட்டு மட்டும்தானே?" என்றார்.

"எட்டே எட்டுதான். வேற எதையும் நான் தொடல."

ரென்ச்சை எடுத்துக்கொண்டு கார் சாவியைத் தேடினார். நானும் ஏறிக்கொண்டேன். கொட்டகையில் வாலின் மூடிகளைக் கழற்றி, ஒவ்வொன்றாக ரென்ச்சை வைத்தார். எட்டில் ஒன்றுகூட உடனே 'டக்' சொல்லவில்லை. விரலால் திருகிவைத்ததோடு சரி, எட்டும் சுழன்றன. என் அழகான கோடுகள் நடுவில் முறிந்து, பாதி ஒரு பக்கமும் பாதி இன்னொரு பக்கமுமாக விலகின. எட்டாவது இறுகியதும் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லவேள சொன்ன. முடிஞ்சுது. நாளைக்குக் கெளம்பலாம்."

நான் நிம்மதியாக மூச்சு விட்டிருக்க வேண்டும். ஆனால் அவர் என்னைப் பார்க்காமல் மூடிகளை மாட்டிக்கொண்டிருந்தார். பதினோரு வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறேன், அந்த முதுகு எனக்குத் தெரியாதா.

"ஏன் என்னைத் திட்டல?" என்று கேட்டேன்.

"விடேன்."

"கோபமே வரலயா உங்களுக்கு?"

ஸ்க்ரூடிரைவர் நின்றது. "நீ ஆறு மணிக்கு அலாரம் வெச்ச. சில நாள் ரெண்டு போல்ட் பாக்கி இருக்கும். கோட்ட மட்டும் போட்டுட்டு வந்துடுவேன். மறுநாள் மொத வேலையா இறுக்கிக்கலாம்னு."

"இறுக்கினீங்களா?"

"இறுக்கியிருப்பேன்."

"இறுக்கினீங்களான்னு கேட்டேன்."

"இறுக்கியிருப்பேன்மா. ஒண்ணு ரெண்டு தடவதான்."

ஆறு வருஷம். கரண்டியால் சுவரில் தட்டியவள் நான். எத்தனை தடவை தட்டினேன் என்று எனக்கே தெரியாது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம்.

"நீங்க போட்ட கோட்டுல ஒண்ணு காட்டுங்க," என்றேன். "சத்தியமா இறுக்கினேன்னு சொல்ற மாதிரி ஒண்ணு. அதுல ரென்ச்ச வைங்க."

"வேண்டாத வேல இது."

"வைங்க."

உள்ளே குனிந்தார். வலது பக்க சீட்டிலிருந்து குட்டித் தலையணையை எடுத்து என்னிடம் கொடுத்தார். சீட்டைத் தூக்கி, பைலட் பிடிக்கிற கோல் வந்து சேருகிற இடத்தைக் காட்டினார். "இத நான் மறக்கவே மாட்டேன். இது போச்சுன்னா எல்லாம் போச்சு," என்றார். சிவப்புக் கோடு புதுசாக, நேராக இருந்தது. ரென்ச்சை வைத்து லேசாக அழுத்தினார்.

அது சுழன்றது. கால் சுற்று. அரைச் சுற்று. இரண்டு பேரும் சத்தத்துக்காகக் காத்திருந்தோம். முக்கால் சுற்றில்தான் 'டக்' என்றது.

அவர் ரென்ச்சை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்து தரையில் உட்கார்ந்தார். பரிசோதகர் கையெழுத்துப் போட்ட தாள் கொட்டகைச் சுவரில் ஒட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அலமாரியில் பெயிண்டைக் கரைக்கிற தின்னர் டப்பா இருந்தது. ஒரு துணியை நனைத்துக்கொண்டு மூக்கிலிருந்து தொடங்கினேன், இன்ஜினைத் தாங்கும் போல்ட்டுகளிலிருந்து. ஒரு கோடு, அடுத்த கோடு. துணி சிவப்பானது. இறுக்கியதா, இறுக்காததா, எனக்குத் தெரியாது, எல்லாவற்றையும் அழித்தேன். கோடு இல்லாத விமானத்தை அவர் கிளப்ப மாட்டார், அது மட்டும் எனக்குத் தெரியும்.

"மறுபடி எல்லாத்தையும் இறுக்க ஒரு வருஷம் ஆகும்," என்றார் தரையிலிருந்து.

"ஆகட்டும்."

கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்து வந்தார். தடுப்பதற்கு வருகிறார் என்று நினைத்தேன். இன்னொரு துணியை எடுத்து நனைத்துக்கொண்டு வால் பக்கம் போனார்.

வீட்டில் காலி ஷெட்டில் ஆறு மணி அலாரம் அடித்திருக்கும். நாங்கள் இன்னும் இறக்கை வரைக்குமே வரவில்லை.