புளி போட்ட கோடரி

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் என் அறைத்தோழன் சேஷாத்ரியின் பெயர் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. எங்கள் வீட்டுத் தபால் பெட்டியில். அதிலும் இடம் போதாமல் பாதியில் நின்றுவிட்டது. முழுப் பெயரும் ஓர் அருங்காட்சியகத்தில், கண்ணாடிக்குள், ‘கண்டெடுத்தவர்’ என்று போட்டு வர வேண்டும் என்பது அவன் ஆசை. மெட்டல் டிடெக்டர் வாங்கியது அதற்காகத்தான். முனைவர் பட்டத்தை விட இது சீக்கிரம் கிடைக்கும் என்று நினைத்திருக்கலாம்.

தொல்லியல் அலுவலகத்தில் பயிற்சி முடித்து, அனுமதி வாங்கி, ஊருக்கு வெளியே உழுத வயலில் ஞாயிறுதோறும் நடந்தான். நான் டீ பிளாஸ்கோடு பின்னால் நடந்தேன். குளிர்காலம் முழுக்க பீர் மூடிகளும் டிராக்டர் ஆணிகளும்தான். மார்ச்சில் ஒருநாள் கருவி புதிதாக ஒரு குரலில் கத்தியது. ஒரு சாண் ஆழத்தில், பாசி நிறத்தில், வெண்கலக் கோடரி.

"மூவாயிரம் வருஷம் இருக்கும்டா" என்றான். அதற்குமேல் தோண்டாமல், குழியை மூடி, குச்சி நட்டு, அலுவலகத்துக்குப் போன் போட்டான். மறுநாள் கொண்டுவரச் சொன்னார்கள்.

வீட்டில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் கோடரி குத்துவிளக்கு மாதிரி மின்னியது. சிங்க்கில் புளிச்சக்கை.

"என்னடா பண்ணின?"

"பெரிய ஆபீஸ்டா. அழுக்கோடயா கொண்டுபோய்க் குடுக்கிறது?"

"கிளீன் பண்ணக் கூடாதுன்னு டிரெய்னிங்ல சொல்லலையா?"

"கெமிக்கல் போடக் கூடாதுன்னாங்க. புளி கெமிக்கலா? ரசத்துல போடறோம்."

புளிச்சக்கையை அள்ளிக் குப்பையில் போட்டேன். நான் படிப்பது வேதியியல்.

அலுவலகத்தில் தொல்லியலாளர் ஃபிராவ் சைட்லர் கோடரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"பச்சை எங்கே?"

"கழுவிட்டேன்."

"அந்தப் பச்சையில்தான் பிடியின் மரத் துணுக்கு, மண், எல்லாம் ஒட்டியிருக்கும். அதைத்தான் நாங்கள் படிப்போம்." அவர் குரல் உயரவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

"அப்போ என் பேரு வராதா?" என்று சேஷாத்ரி தரையைப் பார்த்துக் கேட்டான்.

"முதலில் இடத்தைக் காட்டுங்கள்."

குச்சி நின்ற இடத்தில் அவர்கள் தோண்டினார்கள். கீழே இன்னும் நான்கு கோடரிகள், வைத்தவர் வைத்தபடியே அடுக்காக. ஃபிராவ் சைட்லர் மண்ணைத் தட்டியபடி எழுந்தார். "புளியை மறக்க மாட்டேன். நீங்கள் தோண்டாமல் நிறுத்தியதையும்தான்."

இலையுதிர் காலத்தில் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டி பார்வைக்கு வந்தது. நான்கு பச்சை, ஒன்று பளபளப்பு. பள்ளிப் பிள்ளைகள் பளபளப்பின் முன்தான் மொய்த்தார்கள். அட்டையில் சேஷாத்ரியின் பெயர் முழுசாக இருந்தது. அடுத்த வரி: ‘ஒன்று, கண்டெடுத்தவரால் புளியால் தேய்க்கப்பட்டது.’

கோடரிகளையும் அட்டையையும் சேர்த்துப் படமெடுத்து, அந்த வரியை மட்டும் வெட்டிவிட்டு அம்மாவுக்கு அனுப்பினான். உடனே பதில் வந்தது.

"ஒண்ணைத்தான் தேய்ச்சிருக்க. மத்த நாலையும் ஏன்டா அப்படியே விட்டுட்ட?"