எட்டு எண்ணினால் போதும்

புதுத் துறைமுகம் திறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கப்பலில் சரக்குக் குழியின் விளிம்பில் நின்று கை காட்டுவது என் வேலை. சரக்கைத் தூக்கி இறக்கும் விஞ்ச்சை ஓட்டுகிறவனுக்குக் குழிக்குள் நடப்பது தெரியாது. நான் எட்டிப் பார்த்து, கீழே ஆட்கள் ஒதுங்கியபின் கையைத் தாழ்த்தினால் உப்பு மூட்டைகளை இறக்குவான். உயர்த்தினால் வடம் மேலே ஏறும். காலையிலிருந்து சாயங்காலம் வரை இதேதான். இதற்கா எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தேன் என்று எரிச்சலாக வரும். பூம்பூம் மாடாவது தலையாட்டிவிட்டு அடுத்த தெருவுக்குப் போகும். எனக்கு அதுவும் இல்லை.

சலிப்புக்கு ஒரு விளையாட்டு கண்டுபிடித்தேன். மூட்டைக்கட்டு குழிக்கு மேலே வந்ததும் ஒதுங்கச் சொல்லிச் சத்தம் கொடுப்பேன். ஆட்கள் ஓரத்துக்குப் போக எட்டு எண்ணும் நேரம்தான் ஆகும். அது பிடிபட்டபின் உள்ளே பார்ப்பதை விட்டேன். கடலைப் பார்த்தபடி எட்டு எண்ணுவேன், கையைத் தாழ்த்துவேன். மூன்று வாரம் ஒரு தடவைகூடத் தப்பவில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். வேலைக்கு வரவே ஆசையாக இருந்தது.

அந்த வியாழக்கிழமையும் சத்தம் கொடுத்து, எட்டு எண்ணி, கையைத் தாழ்த்தினேன். விஞ்ச் ஓடவில்லை. திரும்பினால், விஞ்ச் ஓட்டும் புன்னைக்காயல் சிலுவை லீவரைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். இறக்கச் சொல்லிக் கத்தினேன். அவன் அசையாமல் தாடையால் குழியைக் காட்டினான்.

எட்டிப் பார்த்தேன். ஒரு டன் உப்புக்கு நேர் கீழே, குழியில் மூட்டை அடுக்கும் நல்லக்கண்ணுவின் முதுகு. குனிந்து, மூட்டை இடுக்கில் எதையோ நிதானமாகத் துழாவிக்கொண்டிருந்தான். தாழ்த்திய கையைச் சட்டென்று உயர்த்தினேன்.

சிலுவை இறங்கி வந்து பார்த்தான். கீழே ஆள் இருப்பது அவனுக்கும் தெரிந்திருக்கவில்லை.

“மூணு நாளா பாக்கேன் வே. உம்ம கை குழியில இருக்கு, கண்ணு கடல்ல இருக்கு. இன்னைக்கு இறக்க மனசு வரல” என்றான்.

மத்தியானம் ஏணியில் இறங்கி நல்லக்கண்ணுவிடம் போனேன். தாமிரபரணிக் கரையில் எங்கள் பக்கத்து ஊர்க்காரன். நான்தான் அவனை வேலைக்குச் சேர்த்துவிட்டேன். தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஏன் ஒதுங்கவில்லை என்று கேட்டேன்.

“மூட்டை தூக்குத கொக்கி விழுந்துட்டு அண்ணாச்சி. மேல உம்ம தலை தெரிஞ்சுது. நீரு பாத்துக்கிட்டுதான இருக்கீருன்னு அவசரப்படல.”

சொல்லாமல் ஏறிவந்திருக்கலாம். முடியவில்லை. மூன்று வாரமாக உள்ளே பார்க்காமலே கை காட்டியதைச் சொன்னேன். வாய்க்குப் போன அவன் கை பாதியில் நின்றது. சோற்றை மூடிவைத்துவிட்டான்.

மத்தியானத்துக்குப் பின் முதல் கட்டு வந்தது. சத்தம் கொடுத்துவிட்டு உள்ளே பார்த்தேன். எல்லாரும் ஓரத்துக்குப் போனார்கள். நல்லக்கண்ணு மட்டும் ஓரத்தில் நின்று தலையைத் தூக்கி, நான் எங்கே பார்க்கிறேன் என்று பார்த்தான். அடுத்த கட்டுக்கும் பார்த்தான். நான் அந்த வேலையில் இருந்த வரைக்கும் அவன் பார்ப்பதை விடவில்லை. எனக்குச் சலிப்பும் வரவில்லை.