ஒரே டப்பாவில் இருபது

பேமாராம் செய்தது சுத்தச் சோம்பேறித்தனம். அதற்கு வேறு பெயர் வைக்க வேண்டாம். வெட்டுக்கிளிக் குஞ்சுகளைப் பிடித்தால் ஒவ்வொன்றையும் தனிக் குழாயில் போட வேண்டும் என்பது அவன் வேலைக்கு விதி. குழாய்கள் ஜீப்பின் பின்சீட்டுக்கு அடியில் கிடந்தன. குனிய முதுகு வலித்தது. புதன்கிழமை காலை, மச்சினன் ஹட்மானாராமின் மேய்ச்சல் நிலத்தில் பிடித்த இருபதையும் ஒரே மிட்டாய் டப்பாவில் போட்டு மூடினான்.

நிலத்தில் அவை பத்தடிக்கு ஒன்றாகத்தான் இருந்தன. ஒன்றைக் கண்டு ஒன்று விலகித் துள்ளியது. தனியாகத் திரிகிற வெட்டுக்கிளி யாருக்கும் கெடுதல் செய்யாது. கூட்டம் சேர்ந்தால்தான் ஊரையே மொட்டையடிக்கும். பயமில்லை என்று மச்சினன் வீட்டில் கம்பு ரொட்டியும் மோரும் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டான். பொக்ரான் சாலையில் டயர் பஞ்சர். வெட்டுக்கிளித் தடுப்பு அலுவலகம் வந்து சேர்ந்தபோது மணி நான்கு.

அதிகாரி சாரண் டப்பாவைக் கண்ணாடிக் கூண்டில் கவிழ்த்தார். இருபதும் ஒரே மூலைக்குப் போய் ஒட்டிக்கொண்டன. ஒன்று நகர்ந்தால் எல்லாம் நகர்ந்தன.

"கூட்டம் சேர ஆரம்பிச்சிடுச்சுப்பா. வெள்ளிக்கிழமை மருந்தடிச்சிடுவோம்."

மருந்தடித்தால் இருபது நாள் அந்தப் பக்கம் ஆடு தலைகாட்டக் கூடாது. ஹட்மானாராமுக்கு முந்நூறு செம்மறி. சுற்றுவட்டாரத்தில் வேறு பச்சை கிடையாது. பேமாராம் உடனே வெளியே ஓடிப் போன் செய்தான்.

"ஹட்மான், வெள்ளிக்கிழமை உன் நிலத்துல மருந்தடிக்கப் போறாங்கடா."

"தின்ன ரொட்டிக்கு இதுதான் கைமாறா ஜீஜா?" மச்சானை அவன் அப்படித்தான் கூப்பிடுவான்.

"அப்படி இல்லடா, நான்..." தொடர்பு அறுந்துவிட்டது.

வியாழன் முழுக்க அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பத்துத் தடவை கூண்டைப் போய்ப் பார்த்தான். டீ ஆறிப்போனது. போன வருஷம் ஒரு கிராமத்தில் 'ஒன்றுமில்லை' என்று அவன் எழுதிக்கொடுக்க, அங்கே சீரகப் பயிர் முழுவதையும் வெட்டுக்கிளி அழித்தது. இன்னொரு தப்பு என்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சாயங்காலம் பொறுக்க முடியாமல் உள்ளே போனான்.

"சாப், அங்க இதுங்க தனித்தனியாத்தான் இருந்துச்சு. ஒரே டப்பால அடைச்சது நான். அஞ்சு மணி நேரம் காலோட கால் ஒரசிக்கிட்டே வந்துச்சு. டப்பாதான் சாப் இதுங்கள கூட்டமாக்கிடுச்சு."

"எத்தன வருஷமாய்யா இந்த வேல பாக்குற?"

"பதினொண்ணு சாப்."

"வெக்கமா இல்ல?"

"இருக்கு சாப்."

சாரண் மேசையைத் தட்டிக்கொண்டே யோசித்தார். "உன் வேலைக்கு நான் பொறுப்பில்ல. நாளைக்கு மருந்து வண்டியோட போ. நீயே எண்ணு. செதறிக் கெடந்தா வண்டியத் திருப்பு."

வேலை போனாலும் போகட்டும், பேமாராமுக்கு அழுகை வரும் அளவு சந்தோஷம். உடனே மச்சினனைக் கூப்பிட்டான். மணி அடிக்கவே இல்லை. அந்தப் பாலைவனத்தில் சிக்னல் நினைத்தால் வரும், நினைத்தால் போகும்.

வெள்ளி காலை ஜீப்பிலிருந்து இறங்கியவனுக்கு இடம் மாறி வந்துவிட்டோமோ என்று சந்தேகம். புல்லே இல்லை. தரையெங்கும் ஆட்டுப் புழுக்கை.

ஹட்மானாராம் ஓடிவந்தான். "விஷமாகுறதுக்கு முன்னாடி தின்னு தீக்கட்டும்னு பங்காளிங்க ஆட்டையும் சேத்து விட்டேன் ஜீஜா. ரெண்டு நாள்ல சுத்தமா வழிச்சிடுச்சுங்க. நல்ல யோசனதான?"

நடு நிலத்தில் ஒரே ஒரு முட்புதர், ஆடு வாய் வைக்க முடியாத புதர். அதன் உள்ளே மட்டும் கொஞ்சம் பச்சை. நிலத்திலிருந்த குஞ்சுகள் எல்லாம் அங்கேதான் இருந்தன, காலோடு கால் ஒட்டி, தண்டு தெரியாமல். பேமாராம் ஒரு குச்சியால் தொட்டான். அத்தனையும் ஒரே பக்கமாக நகர்ந்தன. அவன் மறுபடியும் அவற்றை டப்பாவில் போட்டிருந்தான், இந்த முறை டப்பா அந்தப் புதர்.

"செதறிக் கெடந்தா மருந்தடிக்காம திரும்பச் சொன்னாரே சாப், திருப்பட்டுமா அண்ணே?" என்று மருந்து வண்டிக்காரன் கேட்டான்.

பேமாராம் ஒரு தண்டில் நாற்பது வரை எண்ணினான். அதற்கு மேல் எண்ண மனம் வரவில்லை.

"வேணாம். மருந்த எறக்கு."

ஹட்மானாராமுக்கு அப்போதுதான் மெல்ல விளங்கியது. "நீ போன் பண்ணலன்னா புல்லு இருந்திருக்கும். இல்ல ஜீஜா?"

"இருந்திருக்கும்டா," என்றான் பேமாராம்.